இருமொழி என்றால் எந்த இரண்டு மொழி? எம்.எல்.ஏ. வந்தால் கேளுங்கள்

பட்ஜெட் கூட்டத் தொடர் முடிந்ததும் நம் பகுதிகளில் மேடை போடுவது வழக்கம். அல்சூர், ஸ்ரீராமபுரம், காக்ஸ் டவுன், ஆஸ்டின் டவுன் என்று எங்கே பார்த்தாலும் ஒரு ஷாமியானா, ஐம்பது நாற்காலி, ஒரு மைக். எம்.எல்.ஏ. வருவார். மாலையும் சால்வையும் முடிந்த பிறகு, கையில் உள்ள தாளைப் பார்த்துக் கோடிகளை வாசிப்பார். சாலைக்கு இத்தனை கோடி, ஆஸ்பத்திரிக்கு இத்தனை கோடி, பள்ளிக்கூடங்களுக்கு இத்தனை கோடி. நாம் கைதட்டுவோம். டீ வரும். கலைந்து போவோம்.

இதைக் குறை சொல்வதற்கில்லை. ஓட்டு வாங்கிப் போனவர் திரும்பி வந்து, சபையில் நடந்ததைத் தொகுதி மக்களிடம் சொல்வது நல்ல பழக்கம். எத்தனையோ தொகுதிகளில் அதுவும் கிடையாது. ஆனால் அவர் வாசிக்கிற தாளில் இல்லாத ஒரு விஷயம் நம் வீட்டுப் பிள்ளைகளின் படிப்பைத் தொடுகிறது. அதை நாமும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை.

முதலில் கோடிகளைப் பார்த்துவிடுவோம்.

முதல்-மந்திரி சித்தராமையா 2025-ம் ஆண்டு மார்ச் 7-ந் தேதி கர்நாடக சட்டசபையில் 2025-26-ம் ஆண்டுக்கான பட்ஜெட்டைத் தாக்கல் செய்தார். நிதி இலாகாவும் அவரிடமே இருந்தது. அது அவருடைய 16-வது பட்ஜெட். மொத்தத் தொகை 4 லட்சத்து 9 ஆயிரத்து 549 கோடி ரூபாய். அதில் கல்விக்கு 45 ஆயிரத்து 286 கோடி.

அதற்கு முந்தைய ஆண்டு மொத்தம் 3 லட்சத்து 71 ஆயிரத்து 383 கோடி. கல்விக்கு 44 ஆயிரத்து 422 கோடி. ஆகவே மேடையில் பேசுபவர் "கல்விக்கு 864 கோடி கூட்டியிருக்கிறோம்" என்று சொன்னால் அது பொய்யல்ல. ஆனால் பென்சிலை எடுத்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். முந்தைய ஆண்டு அரசு செலவிடும் நூறு ரூபாயில் கல்விக்குக் கிடைத்தது சுமார் 12 ரூபாய். 2025-26-ல் அது சுமார் 11 ரூபாய். தொகை ஏறியது, பங்கு இறங்கியது. பங்கு இறங்கியதை எந்த மேடையிலும் சொல்ல மாட்டார்கள்.

அந்த 11 ரூபாயிலும் பெரும்பகுதி ஆசிரியர் சம்பளத்துக்குப் போய்விடும். மிச்சத்தில்தான் கட்டடம், சீருடை, புத்தகம், புதுத் திட்டம் எல்லாம். 500 புதிய கர்நாடகா பப்ளிக் ஸ்கூல், அதற்கு ஆசிய வளர்ச்சி வங்கி உதவியோடு 2,500 கோடி ரூபாய் என்பது அந்த பட்ஜெட்டின் பெரிய அறிவிப்பு. கவுரவ ஆசிரியர்களுக்கு மாதம் 2 ஆயிரம் ரூபாய் உயர்வு என்பது இன்னொன்று. பள்ளிகளில் வாரம் 6 நாள் முட்டை 2024-லேயே வந்துவிட்டது. அதில் 4 நாள் முட்டைக்குப் பணம் கொடுப்பது அஸிம் பிரேம்ஜி அறக்கட்டளை. எல்லாம் நல்ல காரியங்கள். நம் பிள்ளைகளும் சாப்பிடுகிறார்கள்.

ரயில்வேயில் வேலை பார்ப்பவனுக்கு ஒன்று தெரியும். கால அட்டவணையில் அச்சடித்த நேரம் ஒன்று, வண்டி பிளாட்பாரத்துக்கு வருகிற நேரம் இன்னொன்று. பட்ஜெட்டில் ஒதுக்கிய தொகையும் செலவான தொகையும் அப்படித்தான். ஆகவே "எவ்வளவு ஒதுக்கினீர்கள்?" என்பதோடு "போன வருஷம் ஒதுக்கியதில் நம் தொகுதிப் பள்ளிகளுக்கு எவ்வளவு வந்தது?" என்றும் கேட்க வேண்டும்.

கமிஷன் அறிக்கை

இனி அந்தத் தாளில் இல்லாத விஷயம்.

மத்திய அரசின் தேசியக் கல்விக் கொள்கை வேண்டாம், மாநிலத்துக்கென்று தனிக் கொள்கை வேண்டும் என்று கர்நாடக அரசு 2023 அக்டோபரில் ஒரு கமிஷன் அமைத்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் முன்னாள் தலைவர் பேராசிரியர் சுகதேவ் தோரட் அதன் தலைவர். 2025 ஆகஸ்டு 8-ந் தேதி முதல்-மந்திரியிடம் கமிஷன் அறிக்கை கொடுத்தது. அதில் பல பரிந்துரைகள். நமக்கு முக்கியமானவை இரண்டு. ஒன்று, 5-ம் வகுப்பு வரை கன்னடம் அல்லது தாய்மொழி வழியில் பாடம். இரண்டாவது, மும்மொழிக்குப் பதில் இருமொழி. அதாவது கன்னடம் அல்லது தாய்மொழி, அத்துடன் ஆங்கிலம்.

இந்தச் செய்தி வந்த நேரத்தில் நம்மவர்களில் பலருக்கு ஒரே சந்தோஷம். "பார்த்தாயா, தமிழ்நாடு சொன்னது இங்கேயும் வந்துவிட்டது, இந்தி போகிறது" என்று டீக்கடைகளில் பேசிக்கொண்டார்கள். அண்ணா முதல்-அமைச்சராக இருந்தபோது 1968 ஜனவரி 23-ந் தேதி தமிழ்நாடு சட்டசபையில் நிறைவேறிய இருமொழித் தீர்மானத்தை நினைத்து வந்த சந்தோஷம் அது.

ஆனால் சென்னையில் இருமொழி என்றால் தமிழும் ஆங்கிலமும். பெங்களூரில் இருமொழி என்றால் எந்த இரண்டு?

கணக்கைப் பாருங்கள். கர்நாடகத்தில் 2015-ல் ஒரு சட்டம் வந்தது. கன்னட மொழி கற்றல் சட்டம் என்று பெயர். பள்ளிகளில் முதல் மொழியாகவோ இரண்டாவது மொழியாகவோ கன்னடத்தைப் படித்தே ஆகவேண்டும் என்பது அதன் சாரம். 1-ம் வகுப்பிலிருந்து படிப்படியாகக் கொண்டு வரப்பட்டது. சட்டசபையில் வைத்து நிறைவேற்றிய சட்டம். நாம் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்களும் அப்போது அந்தச் சபையில்தான் இருந்தார்கள்.

இந்தச் சட்டத்தின்படி தமிழை முதல் மொழியாக எடுக்கும் பிள்ளைக்கு இரண்டாவது மொழி கன்னடம். ஆங்கிலம் மூன்றாவது இடத்துக்குப் போகிறது. எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சையில் 2025 வரை இருந்த முறையில் முதல் மொழிக்கு 125 மார்க், மற்ற இரண்டு மொழிக்கும் தலா 100 மார்க், மூன்று பாடங்களுக்கு 300, ஆக மொத்தம் 625. முதல் மொழிப் பட்டியலில் கன்னடம், ஆங்கிலம், இந்தி, உருது, தெலுங்கு, மராத்தி, சமஸ்கிருதத்தோடு தமிழுக்கும் இடம் இருந்தது. மூன்று நாற்காலி இருந்ததால் தமிழுக்கும் ஒன்று கிடைத்தது.

நாற்காலியை இரண்டாகக் குறைத்தால் என்ன ஆகும்? கன்னடம் சட்டப்படி கட்டாயம். ஆங்கிலத்தை எந்தப் பெற்றோரும் விடமாட்டார்கள். எழுந்து நிற்க வேண்டியது தமிழ்தான்.

"கன்னடம் அல்லது தாய்மொழி" என்றுதானே கமிஷன் சொல்கிறது என்று கேட்கலாம். உண்மை. தமிழும் ஆங்கிலமும் எடுத்துக்கொள்ளலாம் என்று அதற்குப் பொருள் சொல்ல முடியும். அப்படியானால் 2015-ம் ஆண்டு சட்டம் என்னவாகும்? அதைத் திருத்துவார்களா? கன்னட மண்ணில் எந்தக் கட்சி அரசும் அதற்குத் துணியாது. அதை எதிர்பார்ப்பதும் சரியல்ல என்பது என் அபிப்பிராயம். இங்கே பிழைக்கிற பிள்ளைக்குக் கன்னடம் வேண்டும். ஆகவே நமக்குத் தேவை, தமிழுக்கு மூன்றாவது இடமாவது எழுத்து மூலம் உண்டா என்ற பதில். இந்தி வேண்டாம் என்பவர்களும், வேண்டும் என்பவர்களும் மூன்றாவது மொழியைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள். அந்த மூன்றாவது இடத்தை நம்பி நிற்பது இங்கே யார் என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கமிஷன் அறிக்கை பரிந்துரைதான். அரசு ஏற்று உத்தரவு போட்டால்தான் அது பள்ளிக்கூட வாசலுக்கு வரும். அந்த உத்தரவு வருகிற விதத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

உத்தரவும் கோர்ட்டும்

இந்த மாநிலத்தில் பள்ளிக்கூட மொழி விஷயம் நெடுங்காலம் சட்டசபை ஓட்டெடுப்பில் தீர்மானிக்கப்படவில்லை. அரசு உத்தரவிலும் கோர்ட்டிலும்தான் தீர்மானமானது.

குண்டுராவ் முதல்-மந்திரியாக இருந்தபோது 1980-ல் வி.கே.கோகாக் தலைமையில் குழு அமைத்தார்கள். 1981 ஜனவரியில் அறிக்கை வந்தது. உயர்நிலைப் பள்ளியில் கன்னடம் ஒன்றே முதல் மொழி, அதற்கு 150 மார்க் என்றது அறிக்கை. அதை அமல் செய்யக் கோரி நடந்த கிளர்ச்சியும், 1982-ல் நடிகர் ராஜ்குமார் அதில் இறங்கியதும், அந்த நாட்களில் இந்த ஊரில் இருந்த பெரியவர்களுக்கு மறந்திருக்காது. 1982 ஏப்ரலில் ஒரு உத்தரவு, ஜூலையில் அதைத் திருத்தி இன்னொரு உத்தரவு. மொழிச் சிறுபான்மையினர் ஐகோர்ட்டுக்குப் போனார்கள். 1989 ஜனவரியில் முழு பெஞ்சு தீர்ப்பு வந்தது. உத்தரவின் முக்கியப் பகுதி நிற்கவில்லை.

1994 ஏப்ரல் 29-ந் தேதி அடுத்த உத்தரவு. 1 முதல் 4-ம் வகுப்பு வரை தாய்மொழியில் அல்லது கன்னடத்தில்தான் பாடம் நடத்த வேண்டும் என்றார்கள். ஆங்கிலப் பள்ளி நிர்வாகங்கள் கோர்ட்டுக்குப் போயின. 20 ஆண்டுகள் வழக்கு நடந்தது. 2014 மே 6-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டின் 5 நீதிபதிகள் கொண்ட பெஞ்சு தீர்ப்பு சொன்னது. பாட மொழியைத் தேர்ந்தெடுப்பது பிள்ளையின், பெற்றோரின் உரிமை, அரசு திணிக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். பிள்ளையின் தாய்மொழி எது என்பதைப் பெற்றோர் அல்லது பாதுகாவலர்தான் சொல்ல வேண்டும் என்றும் கோர்ட்டு கூறியது.

தோரட் கமிஷன் சொல்லும் 5-ம் வகுப்பு வரை தாய்மொழிவழிப் பாடம் இந்தத் தீர்ப்பைத் தாண்டியாக வேண்டும். தனியார் பள்ளிகள் சும்மா இருக்கப் போவதில்லை. ஆகவே அந்தப் பரிந்துரை எந்த ரூபத்தில் வரும் என்பது பெரிய கேள்வி.

இதே கதை எல்லைக்கு அந்தப் பக்கமும் உண்டு. தமிழ்நாட்டில் 2006-ல் தமிழ் கற்றல் சட்டம் வந்தது. 1-ம் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஏறி, 2015-16-ல் 10-ம் வகுப்பை எட்டியது. ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் பேசும் பிள்ளைகள் தமிழ்ப் பரீட்சையிலிருந்து விலக்குக் கேட்டுக் கோர்ட்டுப் படி ஏற வேண்டி வந்தது. பெங்களூரிலிருந்து ஓசூர் 40 கிலோ மீட்டர். அங்கே கன்னடத் தாய் கேட்கிற கேள்வியைத்தான் இங்கே தமிழ்த் தாய் கேட்கிறாள்.

பூக்காரம்மாவின் கேள்வி

ஒரு கூட்டத்தில் கேட்டதைச் சொல்கிறேன். தொகுதி, பெயர் வேண்டாம். எம்.எல்.ஏ. நல்ல தமிழில், நடுநடுவே கன்னடம் கலந்து, அரை மணி நேரம் பேசினார். கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார். சாக்கடை, தண்ணீர், ரேஷன் கார்டு என்று வரிசையாக வந்தது. கடைசியில் பூ விற்கும் ஒரு அம்மாள் எழுந்தார்.

"அதெல்லாம் சரிங்க சார். எங்க பேத்தி படிக்கிற ஸ்கூல்ல தமிழ் டீச்சர் ரிடையர் ஆகி ரெண்டு வருஷம் ஆச்சு. புது டீச்சர் எப்ப வருவாங்க?"

எம்.எல்.ஏ. பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். "ஆகட்டும்மா, ஸ்கூல் பேரு எழுதிக் குடுங்க, பார்க்கலாம். ரெண்டு ரூமு கட்டித் தரச் சொல்லியிருக்கேன்" என்றார்.

அந்த அம்மாள் விடவில்லை. "ரூமு இருக்குதுங்களே சார். டீச்சர்தான் இல்ல."

கூட்டத்தில் சிரிப்பு. எம்.எல்.ஏ.வும் சிரித்தார். ஆனால் அன்று பேசியதில் விஷயம் இருந்தது அந்த இரண்டு வாக்கியத்தில்தான்.

கர்நாடகத்தில் ஒவ்வொரு எம்.எல்.ஏ.வுக்கும் தொகுதி வளர்ச்சி நிதியாக ஆண்டுக்கு 2 கோடி ரூபாய் உண்டு. அதில் வகுப்பறை கட்டலாம், காம்பவுண்டு சுவர் எழுப்பலாம். ஆசிரியரை நியமிக்க முடியாது. ஆகவேதான் ஆசிரியர் கேட்டால் அறை கிடைக்கிறது. ஆசிரியர் வேண்டுமானால் கல்வி இலாகா அந்த இடத்தை நிரப்ப வேண்டும்.

தமிழ் வகுப்பு ஒரே நாளில் மூடப்படுவதில்லை. ஆசிரியர் ஓய்வு பெறுகிறார். இடம் காலியாகவே இருக்கிறது. வேறு பாட ஆசிரியர் ஒருவர் கொஞ்ச நாள் பார்த்துக்கொள்கிறார். "டீச்சர் இல்லாத பாடம் எதற்கு?" என்று பெற்றோர் பிள்ளையை வேறு மொழிக்கு மாற்றுகிறார்கள். அடுத்த ஆண்டு எண்ணிக்கை குறைகிறது. "பிள்ளைகள் இல்லையே, இடம் எதற்கு?" என்று இலாகா கேட்கிறது. இரண்டு பக்கமும் நியாயம் பேசுகிறது, வகுப்பு போய்விடுகிறது.

பழியை முழுக்க அரசு மேல் போடவும் மனம் வரவில்லை. மில்களிலும் பொதுத்துறைத் தொழிற்சாலைகளிலும் வேலை பார்த்த தலைமுறை தங்கள் பிள்ளைகளைத் தமிழ்வழிப் பள்ளிக்கு அனுப்பியது. அந்தப் பிள்ளைகள் தங்கள் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பினார்கள். கன்னடக் குடும்பங்களும் அதைத்தான் செய்தன. அதனால்தான் அரசே 2019-20-ல் ஆயிரம் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழி வகுப்புத் தொடங்கியது. ரிசர்வேஷன் படிவம் நிரப்ப வரும் இளைஞர்களைத் தினமும் பார்க்கிறேன். வீட்டில் பேசுவது தமிழ், ஊருக்குப் போகும் டிக்கெட் ஜோலார்பேட்டைக்கோ திருவண்ணாமலைக்கோ. ஆனால் அந்த ஊர்ப் பெயரைத் தமிழில் எழுதத் தெரியாது. கெட்டிக்காரப் பிள்ளைகள்தான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

கேள்வி போடச் சொல்லுங்கள்

முன்பு நமக்கென்று தனிக் குரல் சபையில் இருந்தது. கோலார் தங்கவயலிலிருந்து இந்தியக் குடியரசுக் கட்சியும் அ.தி.மு.க.வும் மாறி மாறி ஆள் அனுப்பின. 1994-ல் பெங்களூர் காந்தி நகரிலேயே இரட்டை இலை ஜெயித்தது. அந்தக் காலம் போய்விட்டது. இப்போது 224 பேர் கொண்ட சபையில் தேசியக் கட்சிக்காரர்கள் மூலம்தான் நம் காரியம் நடக்க வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி கர்நாடகத்தில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 21 லட்சம். எந்தக் கட்சிக்காரரும் அலட்சியம் செய்யக்கூடிய எண்ணிக்கை அல்ல.

அவரிடம் என்ன கேட்பது? வாக்குறுதி கேட்க வேண்டாம். சட்டசபையில் ஒரு கேள்வி போடச் சொல்லுங்கள்.

எம்.எல்.ஏ. எழுத்து மூலம் கேள்வி கொடுத்தால் மந்திரி பதில் சொல்லியாக வேண்டும். நட்சத்திரக் கேள்விக்குச் சபையில் நேரில் பதில். உபகேள்வியும் கேட்கலாம். நட்சத்திரமில்லாத கேள்விக்கு எழுத்தில் பதில். நமக்கு எழுத்துப் பதிலே போதும். "இந்தத் தொகுதியில் உள்ள அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் ஆசிரியர் இடங்கள் எத்தனை? நிரப்பப்பட்டவை எத்தனை? காலி எத்தனை, எந்தத் தேதி முதல்? எப்போது நிரப்பப்படும்?" இவ்வளவுதான் கேள்வி. பதில் அச்சில் வந்துவிட்டால் "பார்க்கலாம்" என்பதற்கு இடமில்லை. எந்தக் கட்சி எம்.எல்.ஏ.வும் இதைக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை. யார் மனமும் இதில் புண்படாது.

அதோடு இன்னொரு கேள்வியும் சேர்க்கலாம். "தோரட் கமிஷனின் இருமொழிப் பரிந்துரையை ஏற்றால், தமிழ், தெலுங்கு, உருது, மராத்தி பிள்ளைகளின் தாய்மொழிப் பாடம் எந்த இடத்தில் இருக்கும்?" இது தமிழர் கேள்வி மட்டும் அல்ல. கலபுரகியில் உருது பேசுபவரும், பெளகாவியில் மராத்தி பேசுபவரும் கேட்க வேண்டிய கேள்வி.

மேல்சபையையும் மறக்க வேண்டாம். அங்குள்ள 75 இடங்களில் 7 இடம் ஆசிரியர்கள் ஓட்டுப் போட்டு அனுப்புவது, 7 இடம் பட்டதாரிகள் அனுப்புவது. காலியிடம், சம்பளம், பாடத்திட்டம் பற்றி விவரம் தெரிந்து பேசக்கூடியவர்கள் அங்கே உண்டு.

மனு எடுத்துப் போகிறவர்கள் கையில் இரண்டு விஷயம் இருக்கட்டும். ஆரம்பப் பள்ளியில் தாய்மொழிவழிக் கல்விக்கு வசதி செய்ய மாநிலங்கள் முயல வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 350-ஏ பிரிவு சொல்கிறது. பள்ளியில் 40 பிள்ளைகள் அல்லது ஒரு வகுப்பில் 10 பிள்ளைகள் இருந்தால் தாய்மொழி ஆசிரியர் வேண்டும் என்பது 1949-ல் மாகாணக் கல்வி மந்திரிகள் மாநாட்டில் ஒப்புக்கொண்ட அளவு. ஆகவே மனுவோடு 10 பெற்றோரின் கையெழுத்தும் பிள்ளைகளின் பெயர், வகுப்பும் இருக்க வேண்டும். 10 பேர் சேரவில்லை என்றால் எம்.எல்.ஏ.வால் மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. கையெழுத்துக்குத் தெருவில் இறங்கும்போதுதான் நமக்கே நம் நிலைமை தெரியும்.

கேள்விக்கு முன்கூட்டியே நோட்டீஸ் கொடுக்க வேண்டும். கூட்டத் தொடர் தொடங்கிய பிறகு ஓடிப் பயனில்லை. குளிர்காலக் கூட்டம் பெளகாவி சுவர்ண சவுதாவில் நடப்பது வழக்கம். அதற்கு ஒரு மாதம் முன்பே மனு எம்.எல்.ஏ. கையில் இருந்தால் நல்லது. மனுவைக் கன்னடத்தில் எழுதுங்கள். அவருடைய உதவியாளர் அதை அப்படியே கேள்வியாக எடுத்து எழுத வசதியாக இருக்கும். எழுத ஆள் தேட வேண்டாம். வீட்டில் 8-ம் வகுப்பு, 9-ம் வகுப்புப் படிக்கிற பிள்ளையிடம் கொடுங்கள், எழுதிக்கொடுத்துவிடும்.